எல்லாருக்கும் ‘நோ’ தானே?

செப்டம்பர் 27, புதன்

கெம்னிட்ஸ் வந்து சேர்ந்தாயிற்று. இருபத்து மூன்று கிலோ பெட்டிகள் இரண்டையும் ஸ்டேஷனிலிருந்து விடுதி வரைக்கும் நானே இழுத்து வந்தேன். ஒருவரிடமும் உதவி கேட்கவில்லை. இதை இந்த நோட்டில் முதல் வரியாக எழுத வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரியாக இருக்கும் சென்னியப்பனின் மகள் கோகிலவாணி, வாகனப் பொறியியலில் மேல்படிப்பு படிக்க ஜெர்மனிக்கு வந்துவிட்டாள். எங்கள் தெருவிலேயே முதல் ஆள். தெரு என்ன தெரு, அப்பாவின் பட்டறை இருக்கும் சாலை முழுவதற்கும் முதல் ஆள்.

அறைத்தோழி நீனோ ஜார்ஜியா நாட்டுக்காரி. நான் குளிக்கும்போது கதவைத் தாழ் போடாததைப் பார்த்து ஒரு மாதிரி முழித்தாள். எங்கள் வீட்டு வழக்கம் இது என்று சொன்னேன். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவேன் என்றும் சொல்லிவைத்தேன். தூக்கத்தில் நான் மிலிட்டரிக்காரி. ஒரு நாள்கூடத் தவற மாட்டேன்.

அம்மா போன் செய்தாள். “கண்ணு, வைட்டமின் போட்டயா?”

“போட்டேம்மா.”

ஆறு டப்பா கொண்டுவந்திருக்கிறேன். ஜனவரி கடைசி வரை தாங்கும்.

செப்டம்பர் 29, வெள்ளி

இங்கே தமிழ் மாணவர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் இசக்கிமுத்து அண்ணன்தான். திருநெல்வேலிப் பக்கம். நான்கு வருடமாக இங்கே இருக்கிறார். படிப்பு எப்போது முடியும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். அதில் எங்களைக் கடைக்கு அழைத்துப் போய் அரிசி, பருப்பு, போர்வை எல்லாம் வாங்கிக் கொடுத்தார்.

“வண்டிப் படிப்பு படிக்க வந்திருக்க. லைசென்ஸ் இல்லியா?” என்று கேட்டார் இசக்கி அண்ணன்.

“எனக்கு ஓட்டப் புடிக்காதுங்கண்ணா. பஸ் கட்டறவங்கெல்லாம் பஸ் ஓட்டறாங்களா?” என்றேன். கார் முழுக்கச் சிரித்தார்கள். சுருக்கென்று பதில் சொல்வதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

அடுத்த வேலை மருத்துவக் காப்பீடு. அது இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதியாது. இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று அரசு முறைக் காப்பீடு, சந்தா அதிகம். இன்னொன்று தனியார் கம்பெனி, அதில் மூன்றில் ஒரு பங்குதான். தனியார் வேண்டுமென்றால் ‘எனக்கு அரசு முறை வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டால் படிப்பு முடியும் வரை திரும்ப முடியாது.

“நாலு வருசமா எல்லா பேட்சும் தனியார்தான். நாளைக்கு அஞ்சாவது மாடி கிச்சனுக்கு வாங்க, ஒரே மூச்சுல எல்லாருக்கும் போட்டுருவோம்” என்றார் இசக்கி அண்ணன்.

ஒரு பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை நான். நாளைக்குப் போய் நிதானமாகப் படித்துத்தான் போடுவேன்.

செப்டம்பர் 30, சனி

பதினொரு பேர், ஒரு லேப்டாப், அடுப்பில் ஒரு குண்டான் சாம்பார். இசக்கி அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து கேள்விகளைச் சத்தமாகப் படித்தார். நாங்கள் சுற்றி நின்று பதில் சொன்னோம். பெயரும் பிறந்த தேதியும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மற்றதெல்லாம் கோரஸ்.

“கடந்த அஞ்சு வருசத்துல ஆஸ்பத்திரியில சேந்திருக்கியளா? எல்லாருக்கும் நோ தான?”

“நோ!”

“தொடர்ந்து ஏதாவது மருந்து சாப்புடுதியளா? எல்லாருக்கும் நோ தான?”

“நோ!”

“ஏற்கெனவே ஏதும் நோய் நொடி?”

“நோ!” என் குரல்தான் முதலில் கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். கேள்வி முடியும் முன்பே கை தூக்கிவிடுவேன். ஃபிரிட்ஜ் பக்கம் நின்றிருந்த பெனிட்டோ என்ற நாகர்கோவில் பையன் மட்டும் வாய் திறக்காமல் தலையை ஆட்டினான். கூச்ச சுபாவம் போல. எனக்கு மூன்று வயது இளையவன், முதல் நாளிலிருந்தே அக்கா என்கிறான்.

பத்தே நிமிடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அரசு முறை வேண்டாம் என்ற கடிதங்களைச் சிவப்பு ஃபைலில் போட்டு வைத்துக்கொண்டார். திங்கள் காலை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார். சாம்பாரில் புளி தூக்கல்.

அக்டோபர் 1, ஞாயிறு

காலையிலிருந்து அந்தத் தனியார் கம்பெனியின் விதிமுறைகளைப் படித்தேன், முப்பத்தெட்டுப் பக்கம். நேற்றே படித்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. காப்பீடு எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கு வைத்தியச் செலவு, மருந்து, ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது. இருக்கும் நோயை மறைத்தது தெரிந்தால் காப்பீட்டையே ரத்து செய்யலாம்.

எனக்கு நோய் என்று எதுவும் இல்லை. வைட்டமின் சாப்பிடுவது ஒரு நோயா? ஆனால் ஜனவரியோடு அது தீர்ந்துவிடும். ஊரிலிருந்து வருடக் கணக்காகப் பார்சல் போடச் சொல்லி அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. இங்கே மூளை நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மருந்துக்கடையில் தருவார்கள்.

மூளை நரம்பு டாக்டரிடம் போய் வைட்டமின் கேட்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மாவிடம் கேட்டேன். “யாரு கேட்டாலும் இல்லீன்னு சொல்லு கண்ணு. பதினோரு வருசமா சொல்றது புதுசா? அந்தச் சங்கவிப் புள்ளையோட சித்தி நம்ம பக்கத்து வீடு, ஞாபகம் வெச்சுக்கோ. தை பொறந்ததும் உனக்கு எடம் பாக்கோணும்.”

சங்கவி இங்கே என் வகுப்புதான். நல்ல பெண். அவளிடம் மதியம் சொன்னது சாயங்காலம் கரூரில் இருக்கும்.

அந்தக் கடிதம் நாளைக் காலை போய்விடும். போய்விட்டால் இரண்டு வருடம்.

அக்டோபர் 2, திங்கள்

ஏழரை மணிக்கே டிராம் நிறுத்தத்தில் போய் நின்றேன். இசக்கி அண்ணன் சிவப்பு ஃபைலோடு வந்தார். கூடவே சங்கவியும் பெனிட்டோவும்.

“ஏனுங்கண்ணா, எம் பேப்பரக் குடுத்துருங்க. நான் அரசு முறையே எடுத்துக்கறேன்.”

“என்ன தாயி, மாசாமாசம் மூணு மடங்கு கெட்டணும். ஒங்கப்பா என்ன பஸ் கம்பெனி மொதலாளியா?”

“அப்படித்தான் வெச்சுக்கங்க.”

சங்கவிக்கு எங்கள் வீடு தெரியும். “மேஸ்திரிதானே?” என்றாள் மெதுவாக. அந்த நிமிடம் டிராம் என் மேல் ஏறிப் போயிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. மேஸ்திரி மகள் என்பதில் எனக்கு வெட்கமில்லை. அப்பா தட்டி நிமிர்த்திய தகடு தமிழ்நாடு பூராவும் ஓடிக்கொண்டிருக்கிறது. பொய்யில் மாட்டிக்கொண்டதுதான் எரிந்தது.

பெனிட்டோ கேட்டான். “ஏன்க்கா திருப்பி வாங்குறீங்க? ஏதாவது காரணம் உண்டா?”

“எனக்கு அரசாங்கம்னாத்தான் நம்பிக்கை” என்றேன்.

அவன் ஃபைலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். டிராம் வந்தது. என் கடிதத்தை வாங்கி அங்கேயே நான்காகக் கிழித்தேன்.

அங்கிருந்து நேரே அரசு முறைக் காப்பீட்டு அலுவலகம் போனேன். ‘எனக்கு எந்த நோயும் கிடையாது, எந்த மருந்தும் எடுப்பதில்லை’ என்பதை ஜெர்மன் மொழியில் ராத்திரியே மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் சிரித்த முகத்தோடு சொல்லியும் பார்த்திருந்தேன். மறைப்பது தப்பு என்று தெரியும். ஆனால் வேறு விதமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கவுண்டரில் இருந்த அம்மாள் பெயர் கேட்டார். பிறந்த தேதி, முகவரி, பல்கலைக்கழகம் எல்லாம் கேட்டார். ஒரு போட்டோ எடுத்தார். பிறகு, “முடிந்தது, நல்வரவு” என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. “வேறு எதுவும் கேட்க வேண்டாமா? உடல்நிலை பற்றி?” என்று நானே கேட்டேன்.

“மாணவர்களிடம் அதை நாங்கள் கேட்பதில்லை. உங்களுக்கு என்ன இருந்தாலும் இதில் அடக்கம்” என்றார்.

மனப்பாடம் செய்தது அப்படியே வாய்க்குள் நின்றுவிட்டது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். எதற்கென்று தெரியவில்லை. குளிராகவும் இருந்தது.

அக்டோபர் 19, வியாழன்

குழுவில் எனக்குப் பெயர் ‘மகாராணி’. வாரத்துக்கு மூன்று நாள் மாணவர் உணவகத்தில் தட்டு கழுவிச் சந்தா கட்டுகிற மகாராணி. சொல்லிக்கொள்ளட்டும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கிச்சனில் குலாப் ஜாமூன் செய்தோம். என்னுடையதுதான் உடையாமல் வந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பெனிட்டோ ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. தட்டு எடுக்கப் பின்பக்கம் போனபோது அவன் சுவர் பக்கம் திரும்பி நின்றிருந்தான். சட்டையைத் தூக்கி வயிற்றில் ஏதோ வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அதைப் பென்சில் டப்பாவுக்குள் போட்டு மூடினான்.

“பேனாக்கா” என்றான்.

அந்த நேரம் பார்த்து என் உள்ளங்கையில் எட்டு மணி மாத்திரை. “வைட்டமின்” என்றேன்.

இருவரும் சிரித்தோம். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டேன்.

நவம்பர் 23, வியாழன்

டாக்டரைப் பார்க்க ஏழு வாரம் காத்திருந்தது வீண் போகவில்லை. முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். என் ஜெர்மன் இரண்டு மாதத்துக்கு மிக நன்றாக இருக்கிறது என்றார். மருந்துச் சீட்டும் கொடுத்தார். கடையில் காப்பீட்டு அட்டையைக் காட்டினேன், கொடுத்துவிட்டார்கள்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

ஜனவரி 18, வியாழன்

பெனிட்டோவை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். நான்கு நாளாகக் காய்ச்சல், வாந்தி. இன்று காலை எழுப்பினால் எழவில்லையாம். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய், தினம் இன்சுலின் போடுகிறவன் என்று இசக்கி அண்ணன் குழுவில் எழுதியிருந்தார். யாருக்கும் தெரியாதாம்.

எனக்குத் தெரியும்.

ஜனவரி 20, சனி

பிழைத்துக்கொண்டான். முகம் சுண்டிப் போயிருந்தது. காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்துவிட்டது. ஏற்கெனவே இருந்த நோய், அதை இல்லை என்று வேறு எழுதியிருக்கிறான். அரசு முறைக்கு மாறவும் முடியாது.

இசக்கி அண்ணன் கட்டில் காலருகில் நின்றுகொண்டிருந்தார். “நான்தாம்ல டிக் அடிச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். அந்தக் குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

“பத்து பேரு முன்னாடி எப்படி அண்ணே சொல்லுவேன்? வீட்டுல அக்காவுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்காங்க. சொந்தத்துக்கே தெரியாது” என்றான் பெனிட்டோ.

அண்ணன் டீ வாங்கப் போனதும் என்னிடம் சொன்னான். “அன்னைக்கு டிராம் ஸ்டாப்புல கேட்டேன்லா அக்கா. நீங்க மட்டும் உள்ளதைச் சொல்லியிருந்தா, அந்த ஃபைல்ல இருந்து நானும் எடுத்திருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சுருக்கென்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

இந்த நோட்டில்கூட நான் எழுதியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் எழுதி வைத்த பக்கத்தை அம்மா கிழித்து அடுப்பில் போட்டாள். இப்போது எழுதுகிறேன். எனக்கு வலிப்பு நோய். பதினான்கு வயதில் அப்பாவின் பட்டறையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தபோது முதல் முறை வந்தது. பட்டறையில் இரும்புக்கா பஞ்சம்? ஆளுக்கொரு ஸ்பேனரை என் கையில் திணித்தார்கள். அப்பா அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து மாத்திரை, காலையும் மாலையும், வைட்டமின் டப்பாவில். மூன்று வருடமாக வரவில்லை. வண்டி ஓட்ட எனக்குக் கொள்ளை ஆசை. பிடிக்காது என்று எழுதியது பொய்.

நவம்பரில் டாக்டர் சொன்னது இதுதான்: “விடுதியில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.”

சாயங்காலம் நீனோவிடம் சொன்னேன். அவள் நெயில்பாலிஷை மூடி வைத்துவிட்டு, “வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எழுதிக்கொண்டாள்.

“அதனால்தான் தாழ் போடுவதில்லையா? நான் உங்கள் நாட்டில் எல்லோரும் அப்படி என்று நினைத்துவிட்டேன்” என்றாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

வாகன இயக்கவியலில் முதல் மதிப்பெண். வகுப்பில் எழுபது பேர்.

ஆஸ்பத்திரி பில்லைத் தவணையில் வாங்கிக்கொள்கிறார்களாம். இசக்கி அண்ணன் காரை விற்றுவிட்டார். கேட்டால் பிரேக் சரியில்லை என்கிறார். அந்த பிரேக்கை ஜனவரியில் பார்த்துச் சரி செய்தவளே நான்தான்.

மார்ச் 23, சனி

புது பேட்ச், பதினான்கு பேர். அதே ஐந்தாவது மாடி, அதே லேப்டாப், சாம்பார். சங்கவி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். பெனிட்டோ ஃபிரிட்ஜ் பக்கம், அவனுடைய பழைய இடத்தில்.

இசக்கி அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார், உடனே எழுந்துவிட்டார். “எனக்குக் கை வரல தாயி. நீ படி.”

நான் உட்கார்ந்தேன். புதுப் பிள்ளைகள் சுற்றி நின்று அந்த வாரம் வாங்கிய போர்வை விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி வரை சுலபமாகப் போனது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“ஏற்கெனவே ஏதாவது நோய் இருக்கா?” என்று படித்தேன்.

“நோ!” கோரஸ். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே வந்தது.

திரும்பி சங்கவியைப் பார்த்தேன். இவள் சித்தி, பக்கத்து வீடு, கரூர், அம்மா எனக்குப் பார்க்கும் இடம், எல்லாம் ஒரு நொடி வந்து போயிற்று. எழுந்து நின்றேன்.

“எனக்கு ஆமாங்க. எனக்கு வலிப்பு இருக்குது. பன்னண்டு வருசமா மாத்திரை சாப்புடறேன். போன தடவை இதே எடத்துல நின்னு இல்லீன்னு கத்துனேன். ரெண்டு நா கழிச்சுப் பயந்துக்கிட்டு என் பேப்பர மட்டும் திருப்பி வாங்கிட்டேன், ஏன்னு யாருகிட்டயும் சொல்லுல. யாராச்சும் எதையாச்சும் மறைச்சீங்கன்னா இந்தத் தனியார் காப்பீட்ட எடுக்காதீங்க. அரசு முறையில இந்தக் கேள்வியே கெடையாது.”

அப்பளம் கருகும் வாசனை வந்தது.

“எனக்கு டைப் ஒன் சர்க்கரை” என்றான் பெனிட்டோ. பென்சில் டப்பாவைத் திறந்து இன்சுலின் பேனாவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். “நான் மறைச்சேன். மாட்டிக்கிட்டேன்.”

பிறகு வாசல் பக்கம் நின்றிருந்த, பெயர்கூட இன்னும் தெரியாத ஒரு பெண், “அக்கா, ஆஸ்துமாவும் அதுல சேருமா?” என்று கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன், “ஹார்ட்ல சின்ன ஆபரேஷன், குழந்தையில பண்ணது” என்றான். தைராய்டு இரண்டு பேர். இசக்கி அண்ணன் கடைசியாக, “எனக்கு எடது காது கேக்காதுல. அதான் சத்தமாப் படிப்பேன்” என்றார். சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

அதன்பிறகு லேப்டாப்பை மூடி வைத்தேன். அவரவர் படிவத்தை அவரவர் அறையில், அவரவரே படித்து நிரப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. அரசு முறை வேண்டும் என்கிறவர்களைத் திங்கள் காலை நானே அழைத்துப் போகிறேன். ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

சங்கவி கருகிய அப்பளத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். “நான் சித்திகிட்ட சொல்ல மாட்டேன் கோகி.”

“சொல்லு. தப்பா சொல்லாத, அது போதும்” என்றேன்.

படுக்கும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. எழுபது பேரில் முதலாவதாக வந்த அன்று இவ்வளவு பெருமையாக இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

அம்மாவிடமிருந்து தினமும் வரும் ‘வைட்டமின் போட்டயா’ செய்தி இன்று வரவில்லை. இங்கே வந்த ஆறு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

மார்ச் 25, திங்கள்

ஒன்பது பேரும் பதிந்தாயிற்று. அதே கவுண்டர் அம்மாள். “மறுபடியும் நீங்களா?” என்று சிரித்தார்.

அம்மா இன்றும் எதுவும் அனுப்பவில்லை. அப்பாவுக்குப் போன் செய்தேன். பட்டறைச் சத்தம். “பக்கத்து வூட்டுக்காரங்க வந்து கேட்டாங்க. உங்கம்மா படுத்தவ எந்திரிக்கல. நாம் பாத்துக்கறேன், நீ வேலையப் பாரு” என்றார்.

மார்ச் 26, செவ்வாய்

எங்கள் குடும்பத்து வாட்ஸாப் குழுவில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். பெரியப்பா, அத்தைகள், மாமன்மார், போன வருடம் தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டுவிட்டுப் பிறகு பதிலே சொல்லாத ஈரோட்டு மாமா வரை. அம்மா அதில் எதுவும் எழுத மாட்டாள். படிக்க மட்டும் செய்வாள்.

இன்று சாயங்காலம், கரூரில் இரவு சாப்பாட்டு நேரம், தட்டு கழுவும் இடத்தில் கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். அந்தக் குழுவில் அம்மா.

“கண்ணு, வலிப்பு மாத்திரை போட்டயா?”

இரண்டு தடவை படித்தேன். தவறுதலாக அந்தக் குழுவில் போட்டுவிட்டாளோ என்று நினைத்தேன். காத்திருந்தேன். அவள் அழிக்கவில்லை. நிமிடங்கள் ஏறிக்கொண்டே போயின. பத்து, பதினெட்டு, இருபத்தாறு. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. தினம் காலையில் ரோஜாப்பூப் படம் போடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத அப்பா, அம்மாவின் கேள்விக்குக் கீழே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நானும் அங்கேயே பதில் எழுதினேன். “போட்டாச்சும்மா.”